பெரிய கோயில் உச்சியில் இருப்பது ஒரே கல்லா? இன்னும் எத்தனை நாள் இதைப் பரப்புவீர்கள்?

வடவாற்றங்கரை:
நேற்றிலிருந்து மூன்று குழுக்களில் அதே செய்தி. தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் ஒற்றைக்கல், விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது. நான் அந்த ஊர்க்காரன். காலை ஏழு மணிக்கு மேலைத் திருச்சுற்றில் அந்த நிழலில் நடந்து வளர்ந்தவன். நிழலைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தக் கல் ஒரே கல் இல்லை. பல துண்டுகளைச் செதுக்கிப் பொருத்தியது.

சோழதாசன்:
வந்துவிட்டார் ஐயா! 1010-இல் 216 அடிக்குக் கல் ஏற்றிய இனத்தில் பிறந்துவிட்டு, அதைக் குறைத்துப் பேசுவதில் என்ன சுகமோ. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் போட்டு ஏற்றினார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயரிலேயே சாரம் இருக்கிறது, ஊர்ப் பெயரே சாட்சி. ஒரே கல்தான்.

வடவாற்றங்கரை:
ஊர்ப் பெயர் சாட்சி என்றால் கல்வெட்டு எதற்கு? கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் எடையைக்கூட எழுதி வைத்தவர் இராசராசன். 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் விமானத்தின் மேல் வைக்கக் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம் (அக்கால எடை அளவு) என்று வெட்டியிருக்கிறது. நாவிதர் பெயர்கூட இருக்கிறது. 80 டன் கல்லை ஏற்றியிருந்தால் அதைப் பற்றி ஒரு வரி இருக்காதா?

கல்லுளி:
ஒரு சந்தேகம். நீங்கள் இருவரும் எதைக் கல் என்கிறீர்கள்? உச்சியில் கவிந்திருக்கும் எண்பட்டைச் சிகரத்தையா, அதற்குக் கீழே நந்திகள் உட்கார்ந்திருக்கும் தளத்தையா?

சோழதாசன்:
எதுவாக இருந்தாலும் ஒரே கல்தான். வரியில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அடிப்பக்கம் 25 அடிக்கு 25 அடி. போய்ப் பாருங்கள்.

வடவாற்றங்கரை:
நீங்கள் சொன்ன அளவையே எடுத்துக்கொள்கிறேன். 25 அடி என்றால் ஏழரை மீட்டருக்கு மேல். அதைக் குறைத்து 7 மீட்டர் அகலத்தில் அரைக்கோளம் என்று வைத்தாலும் ஏறத்தாழ 90 கன மீட்டர். கருங்கல் கன மீட்டருக்கு இரண்டரை டன்னுக்கு மேல். முழுக்கல் என்றால் 230 டன்னைத் தாண்டும். உங்கள் 80 டன் எங்கே நிற்கிறது? அளவும் எடையும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. உள்ளே கூடாக எழுப்பிய விமானம் அது. சிகரத்தில் கல்லோடு கல் சேரும் கோடுகள் நல்ல கேமராவில் பிடித்தால் தெரிகின்றன.

சோழதாசன்:
கணக்கு வாத்தியார் ஆகிவிட்டார். போன வருடம் கல்லணை விவாதத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தீர்கள், கடைசியில் பதில் சொல்லாமல் ஓடினீர்கள். நான் மறக்கவில்லை.

வடவாற்றங்கரை:
ஓடவில்லை, காய்ச்சலில் படுத்திருந்தேன். அதை அங்கேயே சொன்னேன். கல்லணை இருக்கட்டும், ஒரே கல் என்பதற்கு ஒரு ஆதாரம் கொடுங்கள்.

அரசலாற்றுக்காரி:
உயரத்தையும் எடையையும் பற்றியே எத்தனை நாள் பேசுவீர்கள்? கருவறைக்கு மேல்தளத்தில் 108 கரணங்களை, அதாவது நடன நிலைகளை, செதுக்க ஆரம்பித்து 81 முடித்திருக்கிறார்கள். மீதி 27 கல் அப்படியே வெறுமையாக இருக்கிறது. ஏன் நின்றது என்று யாராவது கேட்டீர்களா? நுணுக்கம் வேண்டும் என்றால் கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாராசுரம் கோயிலுக்கு வாருங்கள். இரண்டாம் இராசராசன் காலம். அடித்தளத்தில் அறுபத்துமூவர் கதையும் உள்ளங்கை அளவுச் சிற்பமாக இருக்கிறது. தேர் போன்ற மண்டபத்தைக் குதிரை இழுக்கிறது.

சோழதாசன்:
தாராசுரம் அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் 80 அடி விமானத்தை 216 அடியோடு வைத்துப் பேசாதீர்கள் அம்மா.

அரசலாற்றுக்காரி:
நான் எங்கே உயரத்தை ஒப்பிட்டேன்? நான் எழுதியதைப் படிக்கவே இல்லை நீங்கள். கும்பகோணம் பக்கம் என்றாலே தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு இளப்பம்.

வடவாற்றங்கரை:
என்னையும் ஏன் அதில் சேர்க்கிறீர்கள்? நான் தாராசுரத்துக்கு வருடத்துக்கு இருமுறை வருகிறவன். என் கேள்வி ஒன்றுதான், திரும்பவும் கேட்கிறேன். ஒரே கல்லா, பல கல்லா?

சோழதாசன்:
ஒரே கல். முன்னால் இருக்கும் நந்தி ஒரே கல் இல்லையா? அதைச் செய்தவனுக்கு இது முடியாதா?

வடவாற்றங்கரை:
அந்த நந்தியும் மண்டபமும் நாயக்கர் காலம். சோழர் நந்தி என்று சொல்லப்படுவது தெற்குத் திருச்சுற்றில் இருக்கிறது. ஐநூறு வருடத்துக்கு மேல் கழித்து வந்ததை இராசராசனுக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்கள்.

சோழதாசன்:
நந்தியும் சோழர் இல்லையா! சுப்பிரமணியர் சன்னதியையும் நாயக்கருக்குக் கொடுத்துவிடுங்கள்.

வடவாற்றங்கரை:
அது நாயக்கர் கட்டியதுதான். நுணுக்கம் பார்த்தாலே தெரியும். அதில் என்ன அவமானம்? இந்தக் கோயிலை எழுப்பிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. உங்கள் பதிவில் அந்தப் பெயர் ஒரு முறையாவது வந்ததா? கருங்கல் மலையே இல்லாத சமவெளிக்கு அத்தனை கல்லையும் கொண்டுவந்து, துண்டு துண்டாக ஏற்றி, ஆயிரம் வருடம் நகராதபடி பூட்டியிருக்கிறான் அந்த மனிதன். அவன் செய்த வேலையை மறைத்து, அவன் செய்யாத ஒன்றுக்குக் கைதட்டுகிறீர்கள். எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

கல்லுளி:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சிகரமா, தளமா?

சோழதாசன்:
தம்பி, நடுவில் வராதீர்கள். பெருந்தச்சனை நான் வணங்குகிறேன், நீங்கள் சொல்லித்தர வேண்டாம். 80 டன், ஒற்றைக்கல். என் தாத்தா சொன்னது, என் பேரனுக்கும் அதையேதான் சொல்வேன்.

வடவாற்றங்கரை:
சொல்லுங்கள். 2020 குடமுழுக்குக்குச் சாரம் கட்டி உச்சிவரை ஏறினார்களே, அப்போது எடுத்த படம் என்னிடம் ஒன்று இருக்கிறது. கல்லோடு கல் சேரும் இணைப்புகள் அதில் தெரிகின்றன. இன்று இரவு இங்கேயே போடுகிறேன்.

சோழதாசன்:
போடுங்கள். வெட்டி ஒட்டிய படமா இல்லையா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அரசலாற்றுக்காரி:
அந்த 27 கல்லின் படமும் இருந்தால் சேர்த்துப் போடுங்கள்.