கோடும் சுவரும் இல்லாத நீரில்: மிட்மார் அணையில் நீந்திய அனுபவம்

குளத்தில் ஒரு மைல் நீந்துகிறவருக்கு அணையிலும் ஒரு மைல் நீந்த முடியாதா என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியும். ஆனால் பல ஆண்டுகள் குளத்திலேயே நீந்திய பின் ஹோவிக் அருகே உள்ள மிட்மார் அணையில் இறங்கியபோதுதான், குளம் எனக்கு எவ்வளவு உதவி செய்திருந்தது என்பது விளங்கியது. 25 மீட்டர் குளத்தில் 1600 மீட்டர் நீந்துகிறவர் 63 முறை திரும்புகிறார். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகத்தில் கைகள் சற்று ஓய்வெடுக்கின்றன. அணையில் அந்த ஓய்வு இல்லை. வழிகாட்ட அடியில் கறுப்புக் கோடும் இல்லை.

நான் இறங்கியது செப்டம்பர் இறுதி. தண்ணீர் பழுப்புப் பச்சையாக இருந்தது. கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. குளிர் மார்பில் ஏறியதும் மூச்சு தாறுமாறாக ஓடத் தொடங்கியது. உடன் வந்திருந்த மூத்தவர் ஒருவர், "தம்பி, நீந்தாதே, நில், மூச்சை நீளமாக வெளியே விடு" என்றார். குளிர்நீர் தோலில் படும்போது மூச்சு வேகமெடுப்பது உடலின் இயல்பு; ஓரிரு நிமிடங்களில் அது தணிந்துவிடும். அதற்குள் வேகமாக நீந்த முனைவதுதான் ஆபத்து. இப்போது நான் கழுத்தையும் முகத்தையும் நன்றாக நனைத்துக்கொண்டு, மூச்சு சீரான பிறகே கால்களைத் தரையிலிருந்து எடுக்கிறேன்.

திசை அறிவதைத் தனியாகப் பழக வேண்டும். மிதவைகள் சிற்றலைக்குப் பின்னால் மறைந்துவிடுவதால், இறங்குவதற்கு முன்பே எதிர்க்கரையில் உயரமான மரக்கூட்டம் ஒன்றைக் குறித்துக்கொண்டு, ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை கண்கள் மட்டும் நீருக்கு மேலே வரும்படி தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். தலையை அதிகம் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து வேகம் குறையும். இரு பக்கமும் மூச்சு வாங்கப் பழகியிருப்பதும் அவசியம். காற்று வீசும் பக்கத்திலிருந்து அலை நேராக வாய்க்குள் வருகிறது.

கோடைக்காலத்தில் இம்மலைப்பகுதியில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் காலையிலேயே நீந்தி முடித்துவிடுவோம். இடுப்பில் கட்டும் பளிச்சென்ற மிதவையும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் நான் இறங்குவதில்லை. கடலோரத் தாழ்நிலங்களின் வெதுவெதுப்பான ஓடைகளில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோய் உண்டு. வேறு நீர்நிலைக்குச் செல்பவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

1974 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் மிட்மார் மைல் நீச்சல் போட்டியில் நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாகக் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் உண்மையான ஆசை. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து வைத்த 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990-இல் நீக்கப்படும் வரை, நல்ல குளங்களும் கடற்கரைகளும் என் தந்தையாரின் தலைமுறைக்கு மறுக்கப்பட்டிருந்தன. தண்ணீரைக் கண்டு அஞ்சும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இன்றும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முதன்முறை வருபவர்கள் கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரமாக நின்று, முன்னால் இருப்பவர்கள் சற்று விலகிய பிறகு புறப்படுங்கள். அதற்கு முன் வசந்தகாலத்திலிருந்தே கரையோரமாக, ஆழம் குறைந்த பகுதியில் பழகத் தொடங்குங்கள்.