கச்சான் காற்றுக் காலத்தில் அம்மாவின் வீடு: தீயணைப்புக் கருவி வாங்குவதா, வயரிங்கை மாற்றுவதா?

கேள்வி: அலஸ்தோட்டத்தான்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உப்புவெளிக்கு அருகில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டில் 68 வயதான என் தாயார் தனியே வசிக்கிறார். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். ஆகஸ்ட் விடுமுறைக்கு என் பிள்ளைகள் இருவரையும் அவரிடம் அனுப்புவது வழக்கம். சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, கேத்தல் செருகும் சொக்கற் பழுப்பு நிறமாகிவிட்டது என்றும், சில வேளைகளில் இறப்பர் கருகுவது போன்ற மணம் வருகிறது என்றும் சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

வீட்டின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே காஸ் அடுப்புடன் ஒரு குசினி இருந்தாலும், வளவின் மேற்குப் பக்கத்தில் கிடுகால் வேய்ந்த பழைய குசினியில் விறகு வைத்துச் சமைப்பதே அம்மாவுக்குப் பிடித்தமானது. படகு வைத்திருக்கும் என் மைத்துனர், இயந்திரத்துக்கான மண்ணெண்ணெயைப் பின் தாழ்வாரத்தில் கான்களில் வைத்துவிட்டுப் போவார். ஒரு திருட்டுக்குப் பிறகு எல்லா யன்னல்களுக்கும் கிறில் அடித்துவிட்டோம்; இரவில் முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் உட்புறமாக ஆமைப்பூட்டுப் போட்டு, திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பார்.

என்னிடம் இப்போது 40,000 ரூபாய் இருக்கிறது. வீடு வீடாக வந்த விற்பனையாளர் ஒருவர் தீயணைப்புக் கருவி பற்றிய துண்டுப்பிரசுரத்தை அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அதை வாங்குவதா, வேறு எதற்காவது முதலில் செலவிடுவதா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: மின்வேலைக்காரன்

தம்பி, மற்றவை எல்லாம் பிறகு. இதை வாசித்ததும் அம்மாவுக்கு அழைப்பு எடுத்து, அந்தச் சொக்கற்றை இனித் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். பழுப்பு நிறமும் கருகல் மணமும் வந்துவிட்டால், அந்த இடத்தில் நெருப்பு பாதி வழி வந்துவிட்டது என்று பொருள்.

உங்கள் வீடு பழையது என்பதால் அது உருண்டைக் கால் கொண்ட 5 அம்பியர் சொக்கற்றாகவே இருக்க வேண்டும். எங்கள் மின்னழுத்தம் 230 வோல்ட்; ஆகவே 5 அம்பியர் சொக்கற் தாங்கக்கூடியது 1,150 வாற் மட்டுமே. இப்போது கடைகளில் கிடைக்கும் கேத்தல் பெரும்பாலும் 2,000 வாற் அளவில் இருக்கும், அது ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். சதுரக் கால் பிளக்கை உருண்டைக் காலாக மாற்றும் அடப்டர் ஒன்றைச் செருகிவிட்டால் பொருந்திவிடுகிறது. ஆனால் சுவருக்குள் இருக்கும் மெல்லிய வயருக்கு அடப்டர் போட்டது தெரியாது. அது தன் பாட்டில் சூடாகிக்கொண்டிருக்கும். 13 அம்பியர் சொக்கற்கூட 2,990 வாற் வரைதான் தாங்கும். அதிலே மல்டி பிளக் போட்டுக் கேத்தலையும் அயனையும் ஒன்றாகச் செருகினால் அதே கதைதான்.

கடற்கரை வீடுகளில் இன்னொரு தொல்லை உப்பு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நான் கழற்றிய சொக்கற்றுகளில் பித்தளைப் பகுதி பச்சை பிடித்து, ஆணி தளர்ந்து கிடப்பதை அடிக்கடி கண்டிருக்கிறேன். பிடிப்புத் தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், தடை கூடிய இடத்தில் சூடு பிறக்கும். இதில் ஆபத்து என்னவென்றால், ஓடும் மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சியதாக இராது என்பதால் பிரேக்கர் விழாது. "எங்களிடம் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பயமில்லை" என்று பலர் சொல்லக் கேட்கிறேன். ட்ரிப் சுவிட்ச் மின்கசிவைப் பார்ப்பது, 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழுந்து உயிரைக் காப்பாற்றும். தளர்ந்த ஆணியில் எழும் சூட்டை அது அறியாது. ஆனாலும் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அது பெயருக்கு இருக்கும் சுவிட்ச்தான்.

என் கணக்கில், உங்கள் பணத்தின் பெரும் பங்கு குசினிக்குத் தனி வயர் இழுத்து, 13 அம்பியர் சொக்கற் இரண்டு போடுவதற்கே போக வேண்டும். தெரிந்த பையன் என்று யாரையும் பிடிக்காமல், தகுதிச் சான்றுள்ள ஒருவரைக் கொண்டு செய்யுங்கள்.

பதில்: குசினிக்காரி

மின்வேலை அண்ணா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் தீ என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தாச்சிதான். சில வருடங்களுக்கு முன், தைப்பொங்கலுக்கு முதல் நாள் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட, அடுப்பைக் குறைக்காமல் போய்ப் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது எண்ணெயிலிருந்து புகை எழுந்து, என் கண் முன்னே பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற என் மகன் நல்லெண்ணத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிவிட்டான். எண்ணெயின் அடிக்குப் போன தண்ணீர் ஒரே கணத்தில் நீராவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைத் தூக்கி எறியும் என்று பிறகுதான் படித்து அறிந்தேன். அன்று நான் அறிந்தது, சுவாலை கூரையைத் தொட்டதும் என் வலக் கை எரிந்ததும் மட்டுமே.

அடுப்பை அணைத்து, தாச்சியை அசைக்காமல், அதைவிடப் பெரிய மூடி ஒன்றைப் பக்கவாட்டாகத் தள்ளி மூடிவிட்டு, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விட்டிருந்தால் போதும். இப்போது பொரிக்கும்போதெல்லாம் மூடி என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் பணம் வேண்டியதில்லை.

கைக்கு மாமியார் பற்பசை பூச வந்தார். பக்கத்து வீட்டிலிருந்த தாதி அக்கா தடுத்து, வளையலைக் கழற்றிவிட்டு, கையை 20 நிமிடம் ஓடும் நீரில் பிடிக்க வைத்தார். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெயில் காலத்தில் மேல்தாங்கிக் குழாயைத் திறந்தால் வருவது சுடுதண்ணீர்; கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். ஐஸ் வைக்கக் கூடாது, ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைத்துவிட்டு ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

காஸ் பற்றியும் கேளுங்கள். 2021 இறுதியில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டரிலுள்ள வாயுக் கலவையில் புரோப்பேனின் பங்கு கூட்டப்பட்டதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு கூறியது. புரோப்பேன் கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் நைந்த குழாயும் தளர்ந்த கிளிப்பும் காட்டிக்கொடுத்துவிடும். உப்புக் காற்றில் கிளிப் துருப்பிடிக்க அதிக காலம் எடுக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குழாயை மாற்றி, சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இணைப்பில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு படுத்துக் கிடக்கும். மணம் வந்தால் ஃபானையோ லைற்றையோ போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சிலிண்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

பதில்: சந்தைக்கடை

இருவரும் கருவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. எங்கள் கடையில் மீற்றர் பலகைக்குக் கீழே குவிந்திருந்த அட்டைப்பெட்டிகளில் தீப்பிடித்தபோது, உலர்தூள் கருவி ஒன்றுதான் கடையைக் காப்பாற்றியது. மின்சாரம் நிற்காத இடத்தில் தண்ணீரும் ஊற்ற முடியாது. நான் என்றால் முதலில் அதைத்தான் வாங்குவேன்.

பதில்: பழைய தீயணைப்பாளன்

நான் வேறு மாவட்டத்தில் தீயணைப்புச் சேவையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது திருகோணமலையில் வசிப்பவன். கருவியை நான் குறை கூறவில்லை, ஆனால் கடையில் நின்றது ஒரு திடகாத்திரமான மனிதர், இங்கே நாம் பேசுவது 68 வயது அம்மாவையும் இரு பிள்ளைகளையும் பற்றி. 1 கிலோ உலர்தூள் கருவி ஏறத்தாழ 10 வினாடிகளில் தீர்ந்துவிடும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்து, தூள் கட்டிபடாமல் இருக்க இடைக்கிடை கவிழ்த்துக் குலுக்கி, தீப்பிடித்தால் வெளியேறும் வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தீயின் அடியை நோக்கி வீச வேண்டும். இதையெல்லாம் பழகாத ஒருவரின் கையில் கருவியைக் கொடுத்தால், ஓட வேண்டிய நேரத்தில் அவர் நின்று போராடுவார். நான் பயப்படுவது அதற்குத்தான்.

தம்பி, உங்கள் கேள்வியில் என்னை உலுக்கியது சொக்கற் அல்ல, தலையணைக்குக் கீழே இருக்கும் திறப்பு. புகை நிறைந்த அறையில் ஆமைப்பூட்டின் துளையைத் தேடிய கைகளை என் வேலைக் காலத்தில் கண்டிருக்கிறேன். அதற்கு மேல் எழுத விரும்பவில்லை. உள்ளிருந்து திறப்பு இல்லாமலே திறக்கும் கொண்டியை இரு கதவுகளுக்கும் போடுங்கள். அதுவரை, கதவருகே ஆணியில், வெளியிலிருந்து கைக்கெட்டாத இடத்தில் திறப்பைத் தொங்கவிடுங்கள். படுக்கையறைக் கிறில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி பிணைச்சல் வைத்து மாற்றுங்கள். பிள்ளைகள் வந்த முதல் நாளே, விளக்குகளை அணைத்துவிட்டு, அறையிலிருந்து முற்றத்து மரத்தடிவரை தவழ்ந்து போகும் விளையாட்டாக இதைப் பழக்கலாம். புகை மேலே நிற்கும், மூச்சுவிடக்கூடிய காற்று தரையோரமாக இருக்கும்.

அடுத்தது மண்ணெண்ணெய். அது 38 பாகை செல்சியசுக்கு மேல்தான் பற்றக்கூடிய ஆவியைக் கக்கும் என்பதால் பெற்றோலைவிடப் பாதுகாப்பானது என்று எண்ணுகிறோம். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் அப்படி ஆவியாகும் என்பதால் அது உண்மையும்தான். ஆனால் யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்களில் கச்சான் வீசும்போது, நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும் ஊர் இது. தகரம் போட்ட தாழ்வாரத்தில் மூடிய கானுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மைத்துனர் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, கான்கள் வீட்டுக் கூரையின் கீழ் இருக்கவே கூடாது. இயந்திரத்தை இயக்கத் தொடங்குவதற்காக வைத்திருக்கும் பெற்றோல் போத்தலும் அங்கே இருக்கும், அதையும் கேளுங்கள். மின்வெட்டு நேரத்தில் அம்மா குப்பி விளக்கு ஏற்றுபவர் என்றால் அதில் பெற்றோல் கலந்துவிடவே கூடாது. இந்த நாட்டில் குப்பி விளக்குச் சரிந்து எரிந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையாகவும் பாரமாகவும், உருளாதபடி இரு பக்கம் தட்டையாகவும், திருகு மூடியுடனும் ஒரு விளக்கை வடிவமைத்தார். 1998 இல் அதற்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. பற்றரிக் கைவிளக்கு வாங்க வசதி இருக்கும்போது அதுவும் தேவையில்லை என்பேன்.

கிடுகுக் குசினியை இடிக்கச் சொன்னால் அம்மா கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். விறகடுப்புச் சோற்றின் ருசி எனக்கும் தெரியும். ஆனால் கச்சான் மேற்கிலிருந்து வருவது, உங்கள் குசினியோ வளவின் மேற்கில். பொறி பறந்தால் நேரே வீட்டின் மீதுதான். அடுப்புக்கு மேலேயுள்ள பகுதிக்குத் தகரம் போட்டு, பரணில் அடுக்கிய விறகையும் பன்னாடையையும் இறக்கி, காற்று வலுக்கும் முன் காலையிலேயே சமையலை முடித்து, தணலில் தண்ணீர் தெளித்த பின்பே அங்கிருந்து எழும்பப் பழக வேண்டும். காற்று நாளில் காய்ந்த ஓலையையும் சருகையும் கூட்டி எரிக்கும் பழக்கம் அடியோடு நிற்கட்டும்.

110 என்ற இலக்கத்துடன் உள்ளூர்த் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். ஒழுங்கைக்குள் வீடு என்றால், அழைத்தவுடன் ஒருவர் பிரதான வீதிக்கு வந்து நிற்க வேண்டும். வழி தேடுவதில் வண்டிகள் இழக்கும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுமொழி: அலஸ்தோட்டத்தான்

அனைவருக்கும் நன்றி. வார இறுதியில் ஊருக்குப் போனேன். சொக்கற்றைக் கழற்றியபோது வயரின் உறை ஓர் அங்குல நீளத்துக்குக் கரியாகியிருந்தது. தனி வயர் இழுத்து, இரு கதவுகளுக்கும் கொண்டி போட்டு, காஸ் குழாயையும் மாற்றியதில் 31,000 ரூபாய் முடிந்தது. மண்ணெண்ணெய் கான்கள் வேலியோரக் கொட்டிலுக்குப் போய்விட்டன; மைத்துனர் இரண்டு நாள் பேசவில்லை. மீதிப் பணத்தில் புகை எச்சரிப்புக் கருவி வாங்க நினைக்கிறேன். அதை எங்கே பூட்டுவது? இன்னொன்று, அம்மா இரவில் நுளம்புச்சுருளைக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறார். அதைத் தடுத்தால் நுளம்பு கடிக்கிறது என்கிறார்.

பதில்: பழைய தீயணைப்பாளன்

எச்சரிப்புக் கருவியைக் குசினிக்குள் பூட்ட வேண்டாம். தாளிக்கும் போதெல்லாம் அலறி, மூன்றாம் நாள் அம்மா பற்றரியைக் கழற்றிவிடுவார். படுக்கையறைக்கு வெளியே, முகட்டின் உயரமான பகுதிக்கு அருகில், ஆனால் கூம்பின் உச்சி மூலைக்குள் அல்லாமல் பூட்டுங்கள். நுளம்புச்சுருள் கட்டிலுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். வலையின் நுனியோ சேலைத் தலைப்போ தொட்டாலே போதும், நீண்ட நேரம் புகைந்து பிறகுதான் சுவாலை எழும். அகலமான உலோகத் தட்டில், சீமெந்துத் தரையில், விறாந்தைப் பக்க வாசலருகே, துணிகள் எட்டாத தூரத்தில் வைக்கட்டும். வலையைச் சரியாகச் செருகிக்கொண்டால் சுருளே தேவைப்படாது என்பதையும் பிள்ளைகள் மூலமாகச் சொல்லிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் சொன்னால் கேட்பார்.