போடி: பழைய தங்க ஊரைப் புதுப்பிக்கலாமா, இப்படியே வைத்திருக்கலாமா?

மலைக்காற்று:
கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், 8,300 அடிக்கு மேலே போடி என்று ஓர் ஊர். 1859இல் தங்கம் கிடைத்தது. 1876இல் ஸ்டாண்டர்ட் சுரங்கத்தில் நல்ல தாது தட்டுப்பட்டதும் கூட்டம் குவிந்தது. 1880 வாக்கில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். தாது குறையக் குறைய ஊரும் காலியானது. 1932 தீ விபத்தில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சிய மரக்கட்டடங்களை 1962 முதல் மாநில அரசு பூங்காவாகப் பராமரிக்கிறது. கூரை ஒழுகாமல், சுவர் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு மேல் புதுப்பிக்க மாட்டார்கள். சாய்ந்து நிற்கும் ஸ்வேசி ஹோட்டலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்களே தவிர நிமிர்த்தவில்லை. எனக்கு இது சம்மதமில்லை. கனடாவின் பார்க்கர்வில்லும் தங்கத்தால் வந்த ஊர்தான். 1868இல் எரிந்து மறுபடி எழுந்தது. 1958க்குப் பிறகு அரசு எடுத்துப் புதுப்பித்ததால், இன்று நாடக அரங்கில் நாடகம் நடக்கிறது, அந்தக் கால உடையில் ஆட்கள் கதை சொல்கிறார்கள். குழந்தைகளோடு போனால் அங்கேதான் ஊர் எப்படி இயங்கியது என்று புரியும்.

செம்மண்:
புரியும், ஆனால் யாரோ புரியவைத்தது மட்டும்தான் புரியும். போடியில் கடை ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். அலமாரியில் டப்பாக்கள் தூசியோடு அப்படியே நிற்கின்றன. சில கட்டடங்களில் தகர டப்பாவைப் பிரித்துத் தட்டையாக்கி ஒட்டுப் போட்டிருப்பார்கள். ஏன் தகரம்? சுற்றிலும் மொட்டை மலை, மரமே கிடையாது. 1881இல் மோனோ ஏரிக்குத் தெற்கே இருந்த காட்டிலிருந்து மரம் கொண்டுவரவே தனியாக ஒரு ரயில்பாதை போட்டார்கள். பலகைக்கும் விறகுக்கும் எவ்வளவு தட்டுப்பாடு என்று அந்த ஒரு ஒட்டு சொல்லிவிடுகிறது. புதுப்பிக்க வருகிறவர் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். பளபளவென்று புதுப் பலகை அடித்தபின் அந்தச் செய்தியை எங்கே போய்ப் படிப்பது?

நீலாவதி:
செம்மண் அண்ணா, எது மிஞ்சியது என்பதையும் கேளுங்கள். போடியில் கிங் தெருவை ஒட்டிச் சீனர்கள் நூற்றுக்கணக்கில் வாழ்ந்தார்கள். விறகு விற்றது, காய்கறி விற்றது, துணி வெளுத்தது அவர்கள்தான். இன்று அந்தப் பக்கம் கிட்டத்தட்ட வெறும் புதர். தேவாலயம் நிற்கிறது, வசதியானவர்களின் வீடுகள் நிற்கின்றன. நிற்பதை மட்டும் காப்போம் என்றால், அதிர்ஷ்டம் இருந்தவர்களின் ஊரைத்தானே காக்கிறோம்? பார்க்கர்வில்லில் சீனச் சங்கக் கட்டடமான சீ குங் டோங் இன்னும் இருக்கிறது; உள்ளே போய்ப் பார்க்கலாம்.

செம்மண்:
நீங்கள் சொல்வது எனக்கும் வலிக்கிற விஷயம்தான். ஆனால் சீ குங் டோங் அசல் கட்டடம், மிஞ்சியதால் காக்கிறார்கள். கிங் தெருவில் ஊகத்தில் ஒரு கோயிலும் நாலு கடையும் கட்டினால் அது சினிமா செட்டாகிவிடும். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது இன்னொரு அவமானம். அகழாய்வு செய்யுங்கள், அஸ்திவாரத்தைக் காட்டுங்கள், இங்கே இன்னார் இருந்தார்கள் என்று பெரிதாக எழுதி வையுங்கள். அதற்குச் செலவழித்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

மலைக்காற்று:
சரி, தாதை இடித்துப் பொடியாக்கிய மில்லுக்கு வருவோம். 1898இல் எரிந்து, அடுத்த வருஷமே திரும்பக் கட்டிய ஸ்டாண்டர்ட் மில். பதின்மூன்று மைல் தள்ளி, கிரீன் கிரீக் நீர்மின் நிலையத்திலிருந்து 1893லேயே மின்சாரம் இழுத்து ஓட்டினார்கள். அந்தக் காலத்துக்கு எவ்வளவு பெரிய துணிச்சல்! அதில் ஒரு வரிசை உலக்கைகளையாவது ஓடவிட்டால், தாது இடிபடும் சத்தத்தில் ஊரே உயிர் பெறும்.

கட்டுமானன்:
கட்டடப் பொறியாளனாகச் சொல்கிறேன் சார். ஒவ்வொரு உலக்கையும் நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு, நிமிஷத்துக்குப் பல முறை விழும். அந்த அதிர்வு முழுக்க மரச் சட்டத்துக்குள்தான் இறங்கும். 2016 டிசம்பரில் பக்கத்து நெவாடாவில் வந்த நிலநடுக்கத்திலேயே போடிக் கட்டடங்கள் அடிபட்டன. மில்லை ஓட்ட வேண்டுமானால் முதலில் அதன் எலும்புக்கூட்டையே மாற்ற வேண்டும். மாற்றியபின் நீங்கள் ஓட்டுவது 1899 மில் இல்லை.

மலைக்காற்று:
அப்படியென்றால் அளவு மாறாமல் பக்கத்தில் ஒரு மாதிரி மில் கட்டி ஓட்டுங்கள். அசலைத் தொட வேண்டாம். இதற்காவது ஒத்துக்கொள்வீர்களா?

செம்மண்:
ஊர் எல்லைக்கு வெளியே என்றால் பேசலாம். அந்த மலைச்சரிவில் கூடாது.