பழைய கட்டடத்தில் டாய்லெட் பைப் அடிக்கடி அடைக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
சென்னையில் 1970களில் கட்டிய அடுக்குமாடி, தரைத்தள வீடு. ஃபிளஷ் பண்ணினால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி மெதுவாக இறங்குகிறது. மூங்கில் தப்பை விட்டுக் குத்தினால் சரியாகிறது, கொஞ்ச நாளில் மறுபடியும் அடைப்பு. வெளியே போவது 4 அங்குலச் சுட்ட மண் பைப். முதல் சேம்பர் (கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்கும் மூடி போட்ட தொட்டி) 10 அடி தள்ளி, பக்கத்தில் வேப்ப மரம். ஆசிட் ஊற்றலாமா?

பதில்:
ஆசிட் வேண்டவே வேண்டாம். மண் பைப் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும், இணைப்புக்கு இணைப்பு சிமெண்ட் பூசியிருப்பார்கள். ஆசிட் பைப்பை விட்டுவிட்டு அந்தச் சிமெண்டைத்தான் அரிக்கும். பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தால் குளோரின் வாயு வேறு கிளம்பும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அந்தப் பக்கம். காலியாக இருந்தால் உங்கள் 10 அடிக்குள்தான். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் தூள் கலந்து கொட்டிவிட்டு, எப்படி வருகிறது என்று சேம்பரில் கவனியுங்கள்.

கேட்டவர்:
சேம்பர் காலி. மஞ்சள் தண்ணீர் ரொம்ப நேரம் கழித்துத்தான் வடிகிறது. தப்பை நுனியில் தலைமுடி போல மெல்லிய வேர் சுற்றிக்கொண்டு வருகிறது.

பதில்:
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. விரிசல் விட்ட இணைப்பில் ஈரம் கசியும் இடத்தைத் தேடி வேர் உள்ளே வந்திருக்கிறது. பேப்பர், துணி, நாப்கின் எது போனாலும் அதில் சிக்கும். தப்பை அந்த வேரைக் கிழித்து வழி விடுகிறதே தவிர எடுப்பதில்லை, மறுபடி முளைக்கும். கசிவில் மண் கரைந்து பைப் நடுவில் தொய்ந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். இந்த 10 அடியை மாற்றுவதுதான் தீர்வு.

110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான) பிவிசி பைப், 'பி' வகை என்று கேட்டு வாங்குங்கள். 'ஏ' வகை மெல்லியது, மழைநீருக்கும், கழிவுக் குழாயின் வாயு மேலே வெளியேறும் காற்றுக் குழாய்க்கும்தான். வாட்டம் 40க்கு 1, அதாவது 10 அடிக்கு 3 அங்குலம் இறக்கம். தோண்டுவதற்கு முன்பே ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ட்யூப்) பிடித்து, டாய்லெட் வாய்க்கும் சேம்பர் அடிக்கும் அவ்வளவு உயர வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குறைந்தபட்சம் 2 அங்குலமாவது வேண்டும்.

பள்ளத்தில் 4 அங்குலம் மணல் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டித்து, அதன்மேல் பைப் முழுக்கப் படியும்படி வையுங்கள். கொத்தனார் செங்கல் துண்டை முட்டுக் கொடுக்க வந்தால் விடாதீர்கள், இரண்டு முட்டுக்கு நடுவே பைப் மறுபடி தொய்யும். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போ போடாமல், இரண்டு 45 டிகிரி பெண்ட் போடுங்கள்.

இன்னொருவர் பதில்:
ஃபிளஷ் பண்ணும்போது தரை ட்ராப்பில் (பாத்ரூம் தரைத் தண்ணீர் போகும் ஜாலி வாயில்) 'களக் களக்' என்று சத்தம் வந்தால் மொட்டைமாடியில் காற்றுக் குழாயையும் பாருங்கள். பறவைக் கூடு அடைத்திருக்கும், அல்லது யாராவது சிமெண்ட் வைத்து மூடியிருப்பார்கள்.

சேம்பர் அடியையும் விடாதீர்கள். தட்டையாக இருந்தால் கழிவு அங்கேயே தங்கும். நடுவில் அரைவட்ட வாய்க்கால் விட்டு, இரு பக்கமும் அதை நோக்கிச் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். ஆழமான மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள், மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் இறக்குவது குற்றம்.

கேட்டவர்:
மரத்தை வெட்டணுமா? டாய்லெட் வாயைப் புதுப் பைப்போடு சிமெண்ட் வைத்துச் சேர்க்கலாமா?

பதில்:
மரம் இருக்கட்டும். 6 மீட்டர் நீளப் பைப்பாக வாங்கி வெட்டினால் நடுவில் இணைப்பே வராது, வேருக்கு நுழைய இடமில்லை. டாய்லெட் வாய்க்கு சிமெண்ட் வேண்டாம், தளம் கொஞ்சம் இறங்கினாலும் பீங்கான் விரிசல் விடும். டாய்லெட் வாயையும் பைப்பையும் சேர்க்கும், ரப்பர் வளையம் உள்ள பேன் கனெக்டர் போடுங்கள். பள்ளத்தை மூடும் முன் சேம்பர் பக்க வாயை அடைத்து, பைப்பில் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விட்டு, இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.