வீட்டில் எந்தெந்த இடங்களில் கார்ப்பெட் போடக்கூடாது?

கேள்வி:
வணக்கம். வீட்டின் தரையை முழுவதுமாக மாற்றும் வேலையைத் தொடங்கவிருக்கிறோம். சுவருக்குச் சுவர் பதிக்கும் கார்ப்பெட்டை எல்லா அறைகளிலும் ஒரே நிறத்தில் போட்டால் வீடு விசாலமாகத் தெரியும் என்கிறார் ஒப்பந்தக்காரர். குளியலறைக்கு அது ஆகாது என்பது தெரிந்ததே. குளியலறைக் கதவை ஒட்டிய படுக்கையறை, சமையலறையோடு சேர்ந்தாற்போல் இருக்கும் சாப்பாட்டு இடம், வாஷிங் மெஷின் நிற்கும் நடை, மண்ணுக்கு நேர்மேலே கான்கிரீட் போட்ட கீழ்த்தள அறை, மாடிப்படி ஆகியவற்றைப் பற்றித்தான் சந்தேகம். மகனுக்கு அவ்வப்போது வீசிங் வரும் என்பதையும் கருத்தில் கொண்டு விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
அறையின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே தண்ணீர் எந்த வழியாக வரக்கூடும், வந்தால் எவ்வளவு நேரத்தில் காயும் என்பதைப் பாருங்கள். கார்ப்பெட்டின் மேற்புறம் காய்ந்துவிட்டதாகக் கைக்குத் தெரிந்தாலும், அடியில் போட்டிருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டு நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்க வாய்ப்புண்டு. பிறகு நாற்றம் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. அதனால் வாஷிங் மெஷின் நிற்கும் நடையை முதலில் நீக்கிவிடுங்கள். குழாய் மூட்டில் மெல்லிய கசிவு இருந்தால் டைல்ஸில் உடனே கண்ணில் படும். கார்ப்பெட்டிலோ கால் வைத்துச் சதக்கென்று நீர் பிதுங்கும்போதுதான் தெரியவரும்.

கீழ்த்தள அறையில் ஈரம் கீழிருந்து வருகிறது. மண்ணிலுள்ள ஈரம் ஆவியாகிக் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மேலேறும். வெறும் தரையாக இருந்தால் அது காற்றில் கலந்துவிடும், மூடிவிட்டால் அங்கேயே தங்கும். இதைச் சோதிக்க, தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாளாவது விட்டுவைத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் நின்றாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ அந்த அறையில் கார்ப்பெட் வேண்டாம். வெளிச்சுவர் ஓரத்திலும் அறையின் நடுவிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். வறண்ட மாதத்தில் தேறிய தரை மழைக்காலத்தில் தேறாமல் போகலாம் என்பதால், இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுப்பதும் சரியாகாது.

படுக்கையறையில் போடலாம். ஆனால் குளியலறைக் கதவுக்கு முன்னால், ஈரக்காலோடு நடக்கும் தூரம் வரை டைல்ஸை அப்படியே விட்டுவிட்டு அதன் பிறகு கார்ப்பெட்டைத் தொடங்குங்கள்.

பதில் 2:
நீங்கள் குறிப்பிடாத ஓர் இடத்தைச் சேர்க்கிறேன்: தலைவாசல். காலணியோடு வரும் மணல் நூலிழைகளின் அடிவரை இறங்கி, ஒவ்வொரு மிதியிலும் அவற்றை அராவிக்கொண்டே இருக்கும். வாசலில் அடிக்கடி உதறக்கூடிய கால்மிதி போதும். சமையலறைப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஒருபுறமிருக்க, சூடும் ஒரு சிக்கல்தான். மலிவான கார்ப்பெட்டுகள் பலவற்றில் உள்ள பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியைக் கை தவறி வைத்தால் அந்த வட்டம் நிரந்தரம்.

பதில் 3:
சாப்பாட்டு இடத்தில் விரிப்பே கூடாது என்று யாரும் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒட்டிப் பதிப்பதுதான் தவறு. சுருட்டி எடுத்து வெளியே உலர்த்தக்கூடிய தனி விரிப்பில் தவறில்லை. நாற்காலியைப் பின்னால் இழுக்கும்போது அதன் பின்கால்கள் விரிப்பின் விளிம்பைத் தாண்டாத அளவுக்கு அகலமாக வாங்குங்கள்.

பதில் 4:
வீசிங் இருப்பதால் மகன் தூங்கும் அறையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வீசிங்கைத் தூண்டக்கூடிய, கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகள் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சூழலில் நன்றாகப் பெருகும். கார்ப்பெட்டில் அவை அடியில் பதுங்குவதால் வாக்குவம் கிளீனரால் முழுமையாக அகற்ற முடிவதில்லை. தூசு ஒவ்வாமை அவனுக்கு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு, இருந்தால் அந்த அறையை வெறும் தரையாகவே விடுங்கள். மாடிப்படிக்குத் தாராளமாகப் போடலாம். வழுக்காது, சத்தமும் குறையும். குட்டையான இழையாகவும், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இறுக்கமாகப் பொருத்தியதாகவும் இருக்க வேண்டும். விளிம்பில் தொளதொளவென்று இருந்தால் அதைவிட வெறும் படியே மேல்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நடையையும் மகன் அறையையும் விலக்கிவிட்டேன். கீழ்த்தள அறைக்கு, அடிப்புறத்தில் நீர் புகாத பூச்சு கொண்ட கார்ப்பெட் இருக்கிறது என்கிறார் ஒப்பந்தக்காரர். அது தீர்வாகுமா?

பதில் 1:
மேலே கொட்டும் தண்ணீர் கீழே இறங்காமல் தடுக்கத்தான் அந்தப் பூச்சு. கீழிருந்து வரும் ஆவியை அது நிறுத்தாது, கான்கிரீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் நடுவில் அடைத்துவைக்கும். பசை இளகுவதும் அதனால்தான். பிளாஸ்டிக் தாள் சோதனையில் ஈரம் தெரிந்தால், அந்த அறைக்கு டைல்ஸ் போடச் சொல்லுங்கள்.