ஆக்டிவ் பிக்கப் பொருத்திய பின் ஒலி உடைகிறது, வால்யூம் குமிழ் சுவிட்ச் போல இயங்குகிறது: உதவி தேவை

ஆறாம்தந்தி:
வணக்கம். பல ஆண்டுகளாகச் சாதாரண ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பாகம், கொண்ட கிட்டாரை வாசித்து வருகிறேன். அண்மையில் பேட்டரியில் இயங்கும் இரண்டு ஆக்டிவ் பிக்கப்புகளைப் பழையதாக வாங்கி நானே பொருத்தினேன். பிக்கப்புகள் மட்டுமே கிடைத்தன. அவற்றோடு வர வேண்டிய மற்ற பாகங்கள் இல்லை. மூன்று தொல்லைகள்:

வேண்டுமென்றே ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் ஒலி இறுக்கமாக, தெளிவாக இருக்கிறது. இரைச்சலே இல்லை. ஆனால் டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் ஒலியில் கொஞ்சம் அழுத்தி மீட்டினாலும் சுரத்தின் தொடக்கம் வெடித்து உடைகிறது.

வால்யூம் குமிழை 10இலிருந்து 3 வரை இறக்கினாலும் ஒலியளவு பெரிதாகக் குறைவதில்லை, மந்தமாக மட்டும் ஆகிறது. அதற்குக் கீழே சட்டென்று அடங்கிவிடுகிறது.

மூன்றாவதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒலி கண்ணாடிபோல் கூர்மையாக இருக்கிறது, பழைய கிட்டாரின் கதகதப்பு இல்லை. பிக்கப்பே பழுதா? கழற்றிவிடலாமா?

ஈயப்பற்று:
கழற்றாதீர்கள். முதலில் பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்து எண்ணைச் சொல்லுங்கள். பிக்கப்புக்கும் தந்திக்கும் இடையே எவ்வளவு இடைவெளி?

ஆறாம்தந்தி:
6.4 வோல்ட். பொருத்திய அன்று புதிதாகப் போட்ட அல்கலைன் பேட்டரி, ஒன்பது வாரம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுவேன். இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. யோசித்துப் பார்த்தால் வெடிப்பு தொடங்கிப் பத்து நாள்தான் இருக்கும். குமிழ் மட்டும் முதல் நாளிலிருந்தே இப்படித்தான்.

ஈயப்பற்று:
கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் முக்கியமான செய்தி. வெடிப்பு புதிது, குமிழ் தொல்லை பழையது என்றால் இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

முதலில் பேட்டரி. உங்களுடையது எந்த வகை என்று தெரியாததால் இ.எம்.ஜி. நிறுவனத்தின் 81 என்ற ஆக்டிவ் பிக்கப்பை வைத்துக் கணக்கிடுகிறேன். அது இழுக்கும் மின்னோட்டம் 80 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. ஒரு 9 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 3000 மணி நேரம் உழைக்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. இரண்டு பிக்கப் என்றால் அதில் பாதி, 1500 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் வாசிப்பவருக்கு அது நான்கு ஆண்டுகளுக்கு வர வேண்டும். இப்போது ஒன்பது வாரத்தை மணிக்கணக்கில் பாருங்கள்: 63 நாள், 24 மணி நேரம், 1512. உங்கள் பேட்டரி இரவும் பகலும் அணையவே இல்லை.

கேபிளைச் செருகும் பழைய மோனோ ஜாக்கையே விட்டுவைத்து, பேட்டரியின் கறுப்பு ஒயரை அதன் கிரவுண்டில் பற்றவைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சரிதானா?

ஆறாம்தந்தி:
அப்படியே! ஜாக்கில் இரண்டு முனைகள்தான் இருந்தன, வேறெங்கே வைப்பது என்று தெரியவில்லை. வால்யூம், டோன் பாகங்களும் பழையவைதான். அவற்றின்மேல் 500 கே (கிலோ ஓம்) என்று எழுதியிருக்கிறது.

ஈயப்பற்று:
வெடிப்பு, குமிழ் இரண்டுக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

ஆக்டிவ் பிக்கப்புக்கு ஸ்டீரியோ ஜாக் வேண்டும். பேட்டரியின் கறுப்பு ஒயர் அதில் கூடுதலாக உள்ள மூன்றாவது முனையான ரிங்குக்குப் போக வேண்டும். சாதாரண மோனோ கேபிளைச் செருகும்போது அதன் உலோக உடல் ரிங்கையும் கிரவுண்டையும் இணைக்கிறது, சுற்று உயிர்பெறுகிறது. கேபிளை உருவினால் அணைந்துவிடும். கிட்டாரில் தனியாக ஆன்-ஆஃப் சுவிட்ச் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

வெடிப்பு, பேட்டரி வற்றியதன் விளைவு. உங்கள் பிக்கப்புக்குள் ஒரு சிறு பெருக்கி உட்கார்ந்திருக்கிறது. மின்னழுத்தம் குறையக் குறைய அது தாங்கக்கூடிய அலையின் உயரமும் குறைகிறது. மென்மையாக மீட்டினால் தெரியாது, அழுத்தினால் அலையின் தலை வெட்டுப்படும். பிக்கப் தந்தியை ஒட்டி நிற்பதால் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படுகிறது. ஆக்டிவ் வகைகள் பலவற்றில் காந்த இழுப்பு மெலிது என்பதால் நெருக்கமாக வைக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தடித்த தந்திகளின் பக்கம் ஒரு மில்லிமீட்டர் இறக்குங்கள்.

அடுத்து குமிழ். சாதாரண பிக்கப்புக்கு 250 அல்லது 500 கிலோ ஓம், ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம். பெரிய மதிப்பைப் பொருத்தினால் குமிழ் சுவிட்ச் போல நடந்துகொள்ளும் என்று இ.எம்.ஜி. தன் வாடிக்கையாளருக்குச் சொல்கிறது. மந்தத்துக்கும் காரணம் உண்டு. 500 கிலோ ஓம் குமிழின் மின்தடைப் பாதையில் நடுப்புள்ளிக்கு வந்தால், கேபிள் பார்க்கும் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான தடை) சுமார் 125 கிலோ ஓம். ஆறு மீட்டர் கேபிளின் மின்தேக்குத்திறன் 600 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 2 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் தேயத் தொடங்கும். 25 கிலோ ஓமில் அந்த வரம்பு காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

மரமும்தந்தியும்:
கூர்மையைப் பற்றி நான் சொல்கிறேன். அது பழுதல்ல. ஹம்பக்கரின் சுருளில் 4 ஹென்றி அளவுக்குத் தூண்டல் உண்டு. அதுவும் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து 3 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு எழுப்பி, அதற்கு மேலே சரிந்துவிடும். நீங்கள் கதகதப்பு என்று சொல்வது பெரும்பாலும் அந்தச் சரிவைத்தான். அதாவது, உங்கள் காது நேசித்த ஒலியில் அந்தக் கேபிளும் ஒரு பங்காளி. ஆக்டிவ் பிக்கப்பில் பெருக்கி நடுவே நிற்பதால் கேபிளால் சுருளைத் தொட முடியாது, பிக்கப் எடுத்தது எடுத்தபடியே வந்துசேரும். பழைய கிட்டாருக்காக ஏற்றிவைத்த ஆம்பின் டிரெபிளை இறக்குங்கள், கெயினையும் குறையுங்கள். ஆக்டிவ் பிக்கப் கடும் டிஸ்டார்ஷனுக்கு மட்டுமே ஆன பொருள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பிங்க் ஃபிளாய்டு குழுவின் டேவிட் கில்மோர் தம் சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் இ.எம்.ஜி. பிக்கப்புகளைத்தான் வைத்திருந்தார். அங்கே கேட்கும் கிளீன் ஒலியை யாரும் உயிரற்றது என்று சொல்ல மாட்டார்கள்.

புதுக்காது:
இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் கொடுத்தால் வெடிப்பு வராது என்று படித்தேன். செய்யலாமா?

ஈயப்பற்று:
இ.எம்.ஜி. வகைகள் தாங்கும். எல்லாரும் தயாரிப்பவை தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கையேட்டைப் பாருங்கள். ஒலியளவு கூடாது, அலைக்குத் தலைக்கு மேலே இடம் கூடும், அவ்வளவுதான். ஆறாம்தந்திக்கு இப்போது தேவை நல்ல ஒற்றை பேட்டரி.

ஆறாம்தந்தி:
ஸ்டீரியோ ஜாக், 25 கிலோ ஓம் குமிழ்கள், புதிய பேட்டரி எல்லாம் மாற்றிவிட்டேன். பேட்டரி 9.5 காட்டுகிறது. வெடிப்பு அடியோடு போய்விட்டது. குமிழை 5இல் வைத்து மீட்டினேன். ஒலி சிறியதாகிறது, தன் நிறத்தை இழக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் பயன்படுத்தாத ஒரு வசதி இது. டிரெபிளை 7இலிருந்து 4க்கு இறக்கியபின் கிட்டாரின் கழுத்துப் பக்கம் உள்ள நெக் பிக்கப்பில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது. ஈயப்பற்று அண்ணா, மிக்க நன்றி. ஒரே ஒரு குறை: ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய ஃபஸ் பெடல் மட்டும் இப்போது கீச்சிடுகிறது.

ஈயப்பற்று:
பழைய பாணி ஃபஸ் சுற்றுகளின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு. சாதாரண பிக்கப்பின் சுருள் நேரடியாக எதிரே நின்றால்தான் அவை அடங்கி ஒலிக்கும். பெடலின் உள்ளீட்டில் தொடராகச் சில பத்து கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்துப் பாருங்கள். கீச்சு குறையும், முழுதாகப் போகாது. ஃபஸ்தான் உங்கள் உயிர் என்றால், சாதாரண ஹம்பக்கர் உள்ள இன்னொரு கிட்டாரை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.