மகனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி ஆர்டர். அப்பீல் எப்படிப் போடுவது? அவசரம்

லயத்துப்பிள்ளை:
அக்கா, அண்ணன் யாராவது உதவுங்கள். மகன் அப்பாவோடு இருக்கட்டும் என்று ஆர்டர் போட்டுவிட்டார்கள். எனக்கு ஞாயிறு மட்டும்தானாம். நான் விடமாட்டேன். எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும்? சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன்.

ஈப்போ மணி:
எந்தக் கோர்ட்? தீர்ப்பு என்றைக்குச் சொன்னார்கள்? பையனுக்கு வயது என்ன?

செம்பனை:
சின்னப் பிள்ளை என்றால் அம்மாவிடம்தான். சட்டமே அப்படித்தான், பயப்படாதீர்கள்.

பழைய கிராணி:
தம்பி, படித்துவிட்டு எழுதுங்கள். மலேசியாவின் 1976 திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு ஏழு வயதுக்குக் கீழ்தான் அப்படிச் சொல்கிறது. அதுவும் அனுமானம்தான், சாட்சியம் இருந்தால் மாறும். எத்தனை தடவை சொல்வது?

லயத்துப்பிள்ளை:
ஈப்போ ஹைகோர்ட். மகனுக்கு ஒன்பது. தோட்டத்து வீடு அவர் வேலைக்குக் கொடுத்தது. வெளியே வந்துவிட்டதால் எனக்கு நிலையான வீடு இல்லையாம். ஆர்டர் போன வாரம்தான் கைக்கு வந்தது.

செம்பனை:
அப்போ போன வாரத்திலிருந்து 30 நாள். சரி, நேரம் இருக்கிறது.

ஈப்போ மணி:
இல்லவே இல்லை! நீதிபதி தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்துதான் 30 நாள். முத்திரை குத்திய தாள் எப்போது கிடைத்தது என்பது கணக்கில் வராது. தாளின் மேல்பக்கம் நீதிபதி பெயரோடு ஒரு தேதி இருக்கும், அதைப் பாருங்கள். அப்பீல் புத்ராஜெயா மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். முதலில் நோட்டீஸ் போட்டால் போதும், காரணங்களைப் பிறகு எழுதலாம். இன்னொன்று, அப்பீல் போட்டதும் ஆர்டர் நின்றுவிடாது. பையனை அனுப்பாமல் வைத்துக்கொண்டால் கோர்ட் அவமதிப்பாகிவிடும். நிறுத்திவைக்கத் தனியாக மனு போட வேண்டும்.

சரஸ் அக்கா:
வேலை போனாலும் வீடு போகும், புருஷன் போனாலும் வீடு போகும். காலமெல்லாம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவளுக்கு ஒரு கதவுகூடச் சொந்தமில்லை.

பழைய கிராணி:
பெண்கள் பெயரிலும் வீடு கொடுத்த தோட்டங்கள் உண்டு. பொதுவாகப் பேசாதீர்கள்.

சரஸ் அக்கா:
எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருத்திக்கும் கொடுக்கவில்லை ஐயா. நான் அங்கேதான் பிறந்தேன்.

ஈப்போ மணி:
வீட்டுப் பேச்சு அப்புறம். தங்கச்சி, கெடு தாண்டியிருந்தாலும் கைவிடாதீர்கள். வாடகை வீடு, வேலை என்று நிலைமை மாறினால் அதே 1976 சட்டத்தின் 96-ஆம் பிரிவில் அதே ஹைகோர்ட்டில் ஆர்டரை மாற்றக் கேட்கலாம். அதற்கு இந்த 30 நாள் கெடு கிடையாது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் ஜபாத்தான் பந்துவான் குவாமானில், அதாவது அரசாங்கச் சட்ட உதவித் துறையில், கேளுங்கள். சம்பளச் சீட்டு, பையனின் பிறப்புப் பத்திரம் இரண்டும் கையில் இருக்கட்டும்.

லயத்துப்பிள்ளை:
தேதி பார்த்தேன், கெடு தாண்டவில்லை. ஈப்போ பஸ்ஸில் இருக்கிறேன். நன்றி அண்ணே.